காப்புக் கட்டிய சந்து

என் தம்பி செல்லசாமி தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றதும், கைக்கு வந்த சேமலாபக் காசில் ஹட்டனில் ஒரு சந்துக்குள் வீடு வாங்கத் துணிந்தான். குடியிருக்க அல்ல; அதற்கு வட்டவளையில் நல்ல வீடு இருந்தது. இது வாடகைக்கு விட. அந்தச் சந்தில் கசிப்புச் சாராயமும் ஐஸ் போதைத்தூளும் விற்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் குடும்பத்தில் யாரையும் பொலிஸ் தேடி வந்ததில்லை. வேண்டாம் என்றேன்.

"நேர்ல போய்ப் பாத்துட்டுத்தாண்ணே வந்தேன். கோயில் மாதிரி இருக்கு" என்றான்.

பொய்யில்லை. அவன் போன நேரம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். கையில் காப்பு இருக்கும்வரை எங்கள் ஆட்களில் எந்தப் போக்கிரியும் குடிக்கமாட்டான், கவிச்சி தொடமாட்டான், வாய்க்கு வந்ததைப் பேசமாட்டான். சந்து முழுக்க வேப்பிலைத் தோரணம். அந்த வியாபாரத்தில் பெரிய கையான மூக்கனே மஞ்சள் வேட்டியோடு வந்து, "வாங்கய்யா, மோர் குடிங்க" என்று உபசரித்திருக்கிறான். தம்பி மோரைக் குடித்துவிட்டு விலை பேசி முடித்தான்.

மஞ்சள் நீராட்டோடு திருவிழா முடிந்தது. சந்து தன் தொழிலுக்குத் திரும்பியது. குடிவந்த டீச்சர் குடும்பம் மாதம் முடியுமுன் கிளம்பிவிட்டது. பிறகு தண்ணீர்க் குழாய் களவு போனது. பின்கதவும் போனது.

"சுவராவது இருக்கா?" என்று கேட்டேன்.

"சிரிக்காதீங்கண்ணே."

கடைசியில் மூக்கனே வந்தான். இரட்டை வாடகை தருவதாகச் சொன்னான். ஆனால் ஒப்பந்தம் எழுதக்கூடாது, வீட்டுப் பக்கம் யாரும் வரக்கூடாது.

செல்லசாமிக்குச் சோறு இறங்கவில்லை. கொடுத்தால், பொலிஸ் ஒருநாள் வீட்டு உறுதிப் பத்திரத்தில் உள்ள அவன் பெயரைத்தான் தேடி வரும். கொடுக்காவிட்டால் ஆயுள் உழைப்பு அங்கேயே கிடந்து பாழாகும். விற்கலாமென்றால், அடுத்த காப்புக் கட்டும்வரை யார் வாங்குவார்கள்?

அவன் மனைவி லெட்சுமிதான் பேசினாள். "நாம அங்க போயிருப்போங்க. இந்த வீட்ட வாடகைக்குக் குடுப்போம். இதுக்கு ஆளு நான் நீன்னு வரும்."

"அந்தச் சந்துலயா!"

"கோயில் மாதிரி இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். மானம் லெட்சுமியின் பக்கம்தான் இருந்தது. அதையே சொன்னேன். மூக்கனிடம் சொல்ல நானும் கூடப் போனேன்.

"வீடு குடுக்கிறதுக்கில்ல. எந் தம்பியே குடிவர்றான்."

மூக்கன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஐயா, ராவுல இங்க ஒரே சத்தமா இருக்குமே."

"காலமெல்லாம் விடியக்காலையில தோட்டத்துப் பெரட்டுக்களத்துல நின்னு, வேலைக்கு ஆள் பேர் கூப்பிட்டவன் இவன். சத்தத்தப் பத்தி நீங்கதான் யோசிக்கணும்."

மூக்கன் சிரித்துவிட்டான். பக்கத்துச் சந்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டான்.

இப்போது வட்டவளை வீட்டில் வங்கி உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். வாடகை ஒழுங்காக வருகிறது. போன வாரம் தம்பியைப் பார்க்கப் போனேன். புதுக்கதவைத் தட்டினேன். "யாரு?" என்றான். பெயரைச் சொன்னேன். ஜன்னல் வழியாக என்னை நன்றாகப் பார்த்த பிறகே ஒவ்வொரு தாழாக நீக்கினான். அடையாள அட்டை மட்டும் கேட்கவில்லை. மூத்தவனுக்கு அவ்வளவு மரியாதையாவது மிஞ்சியிருக்கிறது.