அத்தைக்காகப் போட்ட அட்டவணை

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மாப்பிள்ளையும் மாமியாரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். சண்டை என்று ஒன்றும் கிடையாது. அவன் கூச்சக்காரன், அவர் அளந்து பேசுகிறவர், அவ்வளவுதான். நடுவில் மகள் இருந்தாள். "அவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வேணுமான்னு கேளு" என்று மாமியார் மகளிடம் சொல்வார். "போதும்னு சொல்லு" என்று அவன் மனைவியிடம் சொல்வான். மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மகளுக்கு, கடற்கரைச் சாலையின் மறுகோடியில் இருக்கும் துறைமுக அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. அவள் முன்னால் போய் வீடு பார்த்துவிட்டாள். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு மாற்றல் உத்தரவு வர இரண்டு மாதம் ஆயிற்று. வந்தபோது கூடவே இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொண்டது. அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, வலது காதில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ஒரு மாதம் மகள் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு. ஆனால் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ரயில் அந்தப் பக்கமே போகாது.

"உன் கார்ல கூட்டிட்டு வந்துடு" என்றாள் மனைவி போனில்.

அது பழைய மின்சாரக் கார், கைமாறி வந்தது. பேட்டரி நிறைந்திருந்தால் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடும். போகவேண்டியது முந்நூற்று அறுபது. வழியில் ஒரே ஒரு இடத்தில் நன்றாக சார்ஜ் செய்துகொண்டால் ஜம்மென்று போய்ச் சேரலாம் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அப்போதுதான் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"இன்னொண்ணு. அம்மாவால ஒரு மணி, ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல பாத்ரூம் போகாம இருக்க முடியாது. ஆனா உயிரே போனாலும் வாயத் திறந்து சொல்ல மாட்டா. அதுவும் உன்கிட்ட சொல்லவே மாட்டா. நீதான் பாத்துக்கணும்."

"நான் எப்படிக் கேக்கறது?"

"கேட்டுடாத! கேட்டா கார்லேருந்து குதிச்சுடுவா."

அவன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு பழைய கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஓர் அட்டவணை போட்டான். அறுபது கிலோமீட்டருக்கு ஒன்றாக ஐந்து நிறுத்தங்கள். வண்டிக்கு சார்ஜ் வேண்டும் என்பதுதான் வெளியே சொல்லும் காரணம். சார்ஜர் எவ்வளவு வேகம் என்பதை அவன் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் போன் போட்டு, கழிப்பறை எப்படி இருக்கும், படி ஏற வேண்டுமா, உள்ளே தண்ணீர் வருமா என்று விசாரித்தான். பதிலுக்கு ஏற்றபடி ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டான். அந்தக் கட்டத்தின் தலையில் சுத்தம் என்பதைச் சுருக்கி 'சு' என்று எழுதினான்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். அத்தை முன் இருக்கையில் அமர்ந்தார். அவன் பக்கம் இருந்தது அறுவை செய்த காது. பஞ்சு வைத்து அடைத்திருந்தது. அவன் சாதாரணமாகப் பேசினால் அவருக்குக் கேட்கவில்லை. உரக்கப் பேச அவனுக்குக் கூச்சம். ஆக முதல் ஒரு மணி நேரம் கடல்தான் பேசியது.

அத்தை முப்பது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எழுதிய காகிதம் எதுவும் கண்ணில் பட்டுவிட்டால் சும்மா இருக்கமாட்டார். டாஷ்போர்டில் செருகியிருந்த அட்டவணையை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார்.

"மாப்பிள்ளை, இது என்ன 'சு'?"

அவன் அவர் பக்கம் சாய்ந்து சொன்னான். "சுமார்... சுமாரான நேரம், அத்தை."

"சுமாரான நேரத்துக்கு ஏன் அஞ்சுக்கு நாலு?"

அவன் காதில் விழாதவன் மாதிரி கண்ணாடியைப் பார்த்து வண்டியை ஒதுக்கினான். காது கேட்காதவர் அவர், நடித்தது இவன்.

முதல் நிறுத்தம் ஒரு பொது நூலகம். அங்கிருந்தது மெதுவான சார்ஜர். இருபது நிமிஷத்தில் பதினைந்து கிலோமீட்டருக்குத்தான் ஏறும். ஆனால் 'சு' ஐந்துக்கு ஐந்து. "ஒரு இருபது நிமிஷம் ஆகும் அத்தை, நீங்க உள்ள போய்... கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்க" என்றான். அத்தை உள்ளே போய்விட்டு வந்து, மரத்தடியில் நின்று தங்கைக்கு போன் செய்தார். காது மந்தமானதால் தன் குரல் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஐயோ அதை ஏன் கேக்கற! பாவம்டி, மாப்பிள்ளை தலையில யாரோ நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க. அறுபது கிலோமீட்டர் போறதுக்குள்ள வண்டிக்கு மூச்சு வாங்குது. நான் ஒண்ணும் கேட்டுக்கல. நீயும் யாருகிட்டயும் சொல்லாத, அவர் மனசு கஷ்டப்படும்."

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டான். தன் வண்டி நல்ல வண்டி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் ஏன் நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஒயரைக் கழற்ற இறங்கினான்.

இரண்டாவது நிறுத்தம் ஓர் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடம். அங்கேயும் அதே கதை. மூன்றாவது இடத்தைத்தான் அவன் மலைபோல் நம்பியிருந்தான். நூற்று எழுபத்தைந்தாவது கிலோமீட்டரில், வேகமான சார்ஜர். அங்கே முக்கால் மணி நேரம் நின்றால் பேட்டரி நிறைந்துவிடும். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது சார்ஜரின் கழுத்தில் ஒரு காகிதம் தொங்கியது.

"'பழுது'ன்னு எழுதத் தெரியல, 'பளுது'ன்னு எழுதியிருக்கான்" என்றார் அத்தை.

அவனுக்கு எழுத்துப் பிழையில் மனம் போகவில்லை. மிச்சம் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குத்தான் சார்ஜ் இருந்தது. அடுத்த சார்ஜர் எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. மெதுவான சார்ஜர்களையே பொறுக்கியெடுத்ததன் பலன். அவன் முகம் வெளிறிப்போனதை அத்தை பார்த்தார். அவன் மனைவிக்கு போன் செய்யப் போனான்.

"வேண்டாம்" என்றார் அத்தை. "அவ அங்கே உக்காந்துக்கிட்டு கவலைப்படறதைத் தவிர என்ன செய்யப் போறா? சாதா பிளக் கிடைச்சா வண்டி சார்ஜ் ஆகுமா?"

"ஆகும் அத்தை. நேரம் ஆகும்."

"வாங்க" என்று அவர் தெருவில் இறங்கி நடந்தார். மூன்றாவது கட்டடம் ஒரு லாண்டரி. கடற்கரை விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. நாலைந்து இயந்திரங்கள் ஒன்றாகக் குலுங்கிக்கொண்டிருந்தன. சோப்பு வாசனையும் நீராவியும் மூக்கில் ஏறின. முதலாளியம்மா இடுப்பில் கைவைத்தபடி விஷயத்தைக் கேட்டார்.

"பின்னாடி ஒரு டிரையர் மூணு நாளா ரிப்பேர்ல கிடக்கு. அதோட பவர் பிளக் சும்மாதான் இருக்கு. மாட்டிக்குங்க. ஆனா எனக்கு இன்னைக்கு ரெண்டு ஆள் வரல, உபசாரம்லாம் பண்ண முடியாது."

வண்டியைப் பின்பக்கம் கொண்டுவந்து ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து மாட்டினான். மூன்று மணி நேரமாவது ஆகும். அடுத்து நிற்கவேண்டிய அருங்காட்சியகத்தில் மெதுவான சார்ஜர்தான்; அதை மாற்றியாக வேண்டும் என்பதால், ஓர் ஓரமாக நின்று வேறோர் இடத்துக்கு போன் செய்தான். இயந்திரச் சத்தத்தில் எதிர்முனைக்குக் கேட்கவில்லை. அவன் கத்த வேண்டியிருந்தது. ஏழு வருஷத்தில் அவன் அப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லை.

"சார்ஜர் இருக்குன்னு தெரியும் சார்! பாத்ரூம் எப்படி இருக்கும்? இல்ல சார், எனக்கில்ல! எங்க அத்தைக்கு—"

அந்த நேரம் பார்த்து எல்லா இயந்திரங்களும் சொல்லிவைத்த மாதிரி ஒரு சுற்று முடிந்து நின்றன.

"—சுத்தமா இருக்குமா?"

லாண்டரி முழுக்க அந்தக் கேள்வி நின்றது. முதலாளியம்மா திரும்பிப் பார்த்தார். அத்தையின் நல்ல காது அவன் பக்கம்தான் இருந்தது.

அத்தை மெல்ல வண்டிக்குப் போனார். அட்டவணையை எடுத்து வந்தார். 'சு' கட்டத்தில் விரல் வைத்தார். "இதுவா?"

அவன் தலையை ஆட்டினான்.

"யாரு சொன்னா? என் பொண்ணா?"

மறுபடியும் தலையாட்டல்.

அத்தை கோபித்துக்கொள்வார் என்று நினைத்தான். அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நூலகம் ஐந்து. ஆஸ்பத்திரி நாலு, பக்கத்தில் 'கைப்பிடி உண்டு'. பேருந்து நிலையம் ஒன்று. அதன்மேல் அழுத்தமான பெருக்கல் குறி.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே, மாப்பிள்ளை."

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "அந்தப் பாட்டிலைப் பாருங்க" என்றார்.

காலையில் அவன் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அவர் பையில் இருந்தது. ஒரு மடக்குக்கூடக் குறையவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிற உத்தியோகம் அவனுடையது. அதை அவன் கவனிக்கவில்லை.

"நேத்து சாயந்திரத்துலேருந்து நான் தண்ணியே குடிக்கல. என்னால உங்க பயணம் தடைப்படக் கூடாதுன்னு. நீங்க அறுபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தறீங்க, எனக்கு ஒண்ணும் வரவே இல்ல. நீங்க ஆசையா இறங்கச் சொல்றீங்களேன்னு உள்ள போய்க் கையைக் கழுவிட்டு வந்தேன்."

"அத்தை! ஆபரேஷன் ஆன உடம்பு!" இந்த முறை அவன் கத்தியதற்கு இயந்திரம் காரணமில்லை. பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தான். அவர் பாதியைக் குடித்துவிட்டு, அவன் பார்வையைக் கண்டு மீதியையும் குடித்தார்.

முதலாளியம்மா ஒரு தள்ளுவண்டி நிறைய உலர்ந்த விரிப்புகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். "சும்மாதானே இருக்கீங்க? மடிக்கத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். இவருக்குச் சொல்லிக் குடுக்கறேன்" என்றார் அத்தை.

பெரிய விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. இரண்டு முனையை அவன் பிடித்தான், இரண்டு முனையை அவர் பிடித்தார். இழுத்து உதறி, பாதியாக்கி, எதிர் எதிரே நடந்துவந்து முனைகளைக் கைமாற்ற வேண்டும். முதல் விரிப்பில் அவன் தயங்கி ஒரு முழம் தள்ளியே நின்றான்.

"கிட்ட வாங்க மாப்பிள்ளை, நான் என்ன கடிச்சா வைப்பேன்?"

பத்தாவது விரிப்புக்கு அவனுக்குக் கை பழகிவிட்டது. இருபதாவதில் அத்தை, அவன் மாமனார் பெண் பார்க்க வந்தபோது கொடுத்த கடிதத்தில் பதினோரு பிழை இருந்ததையும், அதைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியதையும் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் விரிப்பை விட்டுவிட்டுச் சிரித்தான். தன் சோதனைக்கூடத்தில் புட்டிகளில் சீட்டு மாறி, ஒரு மந்திரி வீட்டுத் தண்ணீரைக் குட்டைத் தண்ணீர் என்று அறிக்கை அனுப்பிய கதையை அவன் சொன்னான். அதை மனைவியிடம்கூட அவன் சொன்னதில்லை. இடையில் இரண்டு தடவை அத்தை தானாகவே, "இதோ வந்துடறேன்" என்று உள்ளே போய்விட்டு வந்தார். முதலாளியம்மா உபசாரமில்லை என்று சொன்னதை மறந்து டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்.

ஒன்றரை மணிக்கு வண்டியில் நூறு கிலோமீட்டருக்குச் சார்ஜ் ஏறியிருந்தது. கிளம்புமுன் அத்தை சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"இந்த அருங்காட்சியகம் வேண்டாம். சார்ஜர் சோம்பேறியாமே. பேருந்து நிலையத்துல வேகமான சார்ஜர் இருக்கு, அங்கேயே போவோம்."

"அங்கே சு ஒண்ணு அத்தை."

"எனக்கு வேணும்னா வழியில சொல்றேன். வாய் இருக்கில்ல?"

வழியில் ஒரு தடவை சொன்னார். ஒரு விடுதி வாசலில் நிறுத்தினான். பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் செய்தார்கள். அத்தை இப்போது பின் இருக்கையில் வலது ஓரமாக, நல்ல காது அவன் பேச்சுக்கு வாகாக அமையும்படி உட்கார்ந்துகொண்டார். கடைசி நூற்றுப்பத்து கிலோமீட்டரும் பேச்சு ஓயவில்லை.

ஆறரை மணிக்கு மகள் வாசலில் நின்றிருந்தாள். மூன்று மணி நேரம் தாமதம். அம்மா முன்னால் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். அன்று அதுகூட மறந்துவிட்டது.

"ஏன் இவ்வளவு நேரம்? போன்ல 'வந்துட்டிருக்கோம், வந்துட்டிருக்கோம்'னா என்ன அர்த்தம்? அம்மாவை ஒரு நாள் பூரா ரோட்டுல வச்சிருக்கியே, உனக்கு ஒரு பொறுப்பு—"

"மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாத" என்றார் அத்தை, காரிலிருந்து இறங்கிக்கொண்டே. "காலையிலேருந்து ஓட்டறார். அறுபது விரிப்பு மடிச்சிருக்கார். முதல்ல அவருக்குச் சாப்பாடு போடு."

மகள் அம்மாவைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "விரிப்பா?"

"உள்ள வா, சொல்றேன்."

மாப்பிள்ளை பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். ஏழு வருஷத்தில் அந்தக் குடும்பத்தில் தனக்காக ஒருவர் பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியது, இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால் துடைக்க முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் மகள் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை அவன் தட்டைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் சாதம்?"

"போடுங்க அத்தை" என்றான்.