பதினொரு மணித்தியாலம்

வாயோரம் வழிந்த தண்ணீரைத் தர்ஷனா துவாயால் ஒற்றியபோது அப்பா கண்ணைத் திறந்தார். இரண்டு நாளாகப் பேசாதவர் தெளிவாகக் கேட்டார்.

"மிஸ், இன்னும் எவ்வளவு நேரம்?"

அவளை ஆஸ்பத்திரி நேர்ஸ் என்று நினைத்துவிட்டார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள்தான் ஆகிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதே கால்.

"நான் தர்ஷனா, அப்பா. தம்பி பிளேன்ல வந்துக்கிட்டிருக்கான். ஒரு மணிக்கு இறங்கிருவான்."

"லண்டன் எத்தனை மைல்?"

அப்பா முத்துலிங்கம் கண்டி பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். கலஹா பஸ் பேராதனையைத் தாண்டும் நிமிடத்தைத் தூக்கத்திலும் சொல்வார். விமானத்தில் மட்டும் ஏறியதே இல்லை.

அவள் போனில் தேடிப் பார்த்தாள். "அஞ்சாயிரத்து நானூறு. பதினொரு மணித்தியாலம்."

"பரவால்ல. நல்ல ஓட்டம்."

அதற்குப் பிறகு பேசவில்லை. பதினொன்றரைக்கு மூச்சு நின்றது. தம்பியின் பயணத்தைக் காட்டும் போன் வரைபடத்தில் சின்ன மஞ்சள் விமானம் இன்னும் கடலுக்கு மேலேயே இருந்தது. தம்பி அஜந்தன் இறங்கிய பிறகும் அவள் அவனிடம் சொல்லவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நாலு மணித்தியாலம் வேனில் தனியாக வரவேண்டியவன்.

ஐந்து மணிக்கு, வெள்ளைக் கொடி கட்டிய ஒழுங்கைக்குள் அவன் நடந்து வந்தான். அழவில்லை. பையைக் கழற்றாமலே அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

"தெரியும்க்கா," என்றான் மெதுவாக. "பிளேன்லயே தெரியும்."

"என்னடா சொல்ற?"

"தூங்கிக்கிட்டிருந்தேன். எயார் ஹோஸ்டஸ் பொண்ணு எழுப்பிச்சு. பக்கத்துல நின்ன ஐயா எங்கன்னு கேட்டுச்சு. சாரம் கட்டிக்கிட்டு, கால்ல செருப்பில்லாம நின்னாராம். என் தலையத் தடவிக்கிட்டே, இன்னும் எவ்வளவு நேரம்னு அதுக்கிட்ட கேட்டாராம். சீட் சீட்டா தேடுனாங்க. அப்படி யாருமே இல்ல."

தர்ஷனா அப்பாவின் கால்களைப் பார்த்தாள். "அது எத்தன மணிக்கு?"

"நம்ம நேரம் ஒன்பதே கால். உடனே மணி பாத்தேன். அந்த நேரத்துலதான் போனாரு, இல்லயா?"

அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வெளியே தகரக் கொட்டகை மேல் மழை விழத் தொடங்கியது.

"ஆமா," என்றாள். "அந்த நேரந்தான். போ, மொகம் கழுவிட்டு வா."

அவன் உள்ளே போனதும் அவள் அப்பாவின் கால்மாட்டுக்கு வந்தாள். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி அப்படியே இருந்தது. குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். இன்னொரு சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டினாள்.