கமர்கட்டு கரைவதற்குள்

எங்கள் ஊரில் சட்டங்கள் ஜாய்ஸ் டீச்சரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில்தான் பிறக்கும். "சட்டப்படி தடை" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று டீச்சர் இந்த மாதம் பழக்கிக்கொண்டிருந்தார். யாராவது எழுந்து ஒரு வாக்கியம் சொல்ல, வகுப்பே கோரஸாகத் திருப்பிச் சொன்னால் போதும், அமலுக்கு வந்துவிடும். போன வாரம் வடக்குத் திசை தடையாகிப்போயிற்று. சென்னை பஸ்கள் இன்னும் ஸ்டாண்டிலேயே நிற்கின்றன. டிரைவர்கள் சீட்டு விளையாடுகிறார்கள்.

ஐம்பத்திரண்டு வயது ஆவுடைத்தாய்க்கு அன்று கால் தரையில் பாவவில்லை. தையல்கடையைப் பூட்டிவிட்டு, பை நிறையக் கமர்கட்டோடு வகுப்புக்கு வந்திருந்தாள். கடைசி பெஞ்சில் உட்காரும் பால்வண்ணனை அவள் கட்டிக்கொள்ளப்போகிறாள். நல்ல சேதியை வெறுங்கையோடு சொல்ல முடியுமா?

அதற்குள் தம்பி சங்கரபாண்டி எழுந்தான். அக்காள் கையால் தின்றே வளர்ந்த உடம்பு. ஐம்பது வயதுக்கு மேல் கல்யாணம் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னான்.

"சுத்தமான வாக்கியம்," என்றார் டீச்சர். "எல்லாரும் சொல்லுங்க."

வகுப்பு வாயைத் திறந்தது.

ஆவுடைத்தாய் பைக்குள் கையை விட்டாள். திறந்த வாய்களில் ஆளுக்கொரு கமர்கட்டைப் போட்டாள். டீச்சருக்கும் ஒன்று. தம்பிக்கு இரண்டு. கமர்கட்டு லேசில் கடிபடாது, கரைந்துதான் தீர வேண்டும். அதுவரை சட்டம் இல்லை.

"சீக்கிரம் வாங்க!" என்று கடைசி பெஞ்சைப் பார்த்துக் கத்தினாள்.

வகுப்பறை அன்று கொஞ்சம் நீண்டுவிட்டிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து டவுன் பஸ் பிடித்துத்தான் வர வேண்டும்.

"வந்துட்டே இருக்கேன் ஆவுடை!" தூரத்தில் பால்வண்ணனின் குரல் கேட்டது. "நடு பெஞ்சுல ஆளு ஏறுதாவ!"

பஸ் வந்து நின்றபோது சில வாய்கள் சப்புவதை நிறுத்தியிருந்தன. பால்வண்ணன் சட்டைப்பையிலிருந்து தாலியை எடுத்தபடியே குதித்தார்.

சங்கரபாண்டியின் இரண்டு கமர்கட்டும் கரைந்து, கன்னம் இரண்டும் வற்றிவிட்டன.

"எக்கா, அப்ப எனக்குச் சோறு?"

"ரெண்டு தெரு தள்ளித்தானல இருக்கப்போறேன். வந்து தின்னுட்டுப் போ."

வகுப்பு முழுக்க அவன் வாயையே பார்த்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

வகுப்பே கோரஸாகத் திருப்பிச் சொன்னது. டீச்சர்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். உடனே அமலுக்கு வந்தது. கரும்பலகைக்குப் பின்னாலிருந்து மேளம் கொட்ட, பால்வண்ணன் முதல் முடிச்சைப் போட்டார்.