உரைத்த மாத்திரை

12 பிப்ரவரி 2025, புதன். ஒரு சிறு தவறு. வயிற்றுக்குள் போனதும் மாத்திரையில் உள்ள களிமண் கரைந்துவிடும் என்று, நேற்று தொடங்கிய கதையில் எழுதியிருந்தேன். கரையாது. மாலை மருந்தியல் வகுப்பில் சுகுமார் சார் சொன்னது வேறு: ஜெலட்டினோடு சேர்ந்த களிமண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்த மாத்திரையை நுணுக்கிவிட்டால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும்; பிரஷர் மாத்திரை என்றால் பிரஷர் சட்டென்று சரிந்துவிடும். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இந்தக் கதை பிறந்தது.

1

மானாம்பதி ஏரியில் தண்ணீர் வற்றி... [அடித்துவிட்டேன். ஏரி எதற்கு?]

ஏஞ்சல் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் களிமண்ணும் ஜெலட்டினும் கலந்து சிறு மணிகள் செய்கிறாள். அவற்றில் ஏற்றிய மருந்து எவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. அவளுடைய அப்பா அருள்தாஸ் பிரஷருக்குச் சாப்பிட்டதும் அப்படி மெதுவாக விடும் மாத்திரைதான். விழுங்க முடியாமல் துப்புவார். அம்மா சிட்டம்மாள், கைக்குழந்தைக்கு வசம்பு உரைப்பதுபோல், அதைக் கல்லில் உரைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். போன சித்திரையில் ஒரு காலை, அதைக் குடித்துவிட்டுக் களத்துக்குப் போனவர் தலைசுற்றி விழுந்தார். எழவில்லை. வெயில் தாங்கவில்லை என்றார்கள்.

[உரைத்துக் கொடுத்தது ஏஞ்சலுக்குத் தெரியாதா? இங்கேதான் அவளை நம்ப முடியவில்லை. விடுதியில் தங்கிப் படித்தாள் என்று வைத்துக்கொள்வோம்.]

2

ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சல் வீட்டுக்கு வந்தபோது அம்மா கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பாண்டியன் மாத்திரை அட்டையோடு நின்றான். அவன் அம்மாவுக்கும் விழுங்க முடியவில்லையாம்.

"உங்கம்மா உரைச்சாத்தான் எங்கம்மா வாயத் தொறக்குது. நீயும் படிச்சிக்கினு கீறியே, ஒரு மாத்திரை உரைக்கத் தெரியுமா?" என்று சீண்டினான்.

ஏஞ்சல் அட்டையை வாங்கிப் பார்த்தாள். அதே மாத்திரை. அம்மா கையிலிருந்த கல்லைப் பிடுங்கினாள்.

"இன்னாடி? உங்கப்பாவுக்குக் கடைசி நாள் வரைக்கும் இப்பிடித்தான குடுத்தேன். ஒரு வேள தவறல."

3

முடிவு அ: ஏதோ பொய் சொல்லிக் கல்லை ஒளித்து வைக்கிறாள். [பாண்டியன் வேறு கல் தேடிக்கொள்வான். அவன் அம்மா?]

முடிவு ஆ: இந்த மாத்திரையை உரைக்கக் கூடாது என்கிறாள். பாண்டியனின் அம்மா பிழைத்துக்கொள்வாள். சிட்டம்மாள் அந்த இடத்திலேயே... [பலமுறை தொடங்கிவிட்டேன். முடியவில்லை.]

சிட்டம்மாள் கேட்கப்போவது மட்டும் எனக்குத் தெரியும்: "அப்போ உங்கப்பாவுக்கு?"

ஏஞ்சலின் பதிலை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். சிட்டம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாளை வகுப்பில் கேட்க வேண்டியது: ஒருவர் இறந்தது உரைத்த மாத்திரையால்தான் என்று யாராலாவது உறுதியாகச் சொல்ல முடியுமா?