பதினேழாம் துளை

கம்ப்யூட்டர் ஒன்று சொல்கிறது, காற்று வேறொன்று சொல்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முழி பிதுங்கியவள் அந்த ஆராய்ச்சி மாணவிதான்.

காற்றுச் சுரங்கத்தில் ஒன்பது டர்பைன் பிளேடுகளை வரிசையாக நிறுத்தியிருந்தாள். ராட்சத விசிறி ஒன்று அவற்றின் மேல் காற்றை ஊதும். நடு பிளேடின் முதுகில் ஊசிமுனை அளவுக்கு இருபத்துநான்கு துளைகள்; ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் அழுத்தமானிக்குப் போகும். கம்ப்யூட்டர் கணக்கிட்டதைவிட நிஜத்தில் ஆற்றல் இழப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஏன்? அந்தப் பாழாய்ப்போன ‘ஏன்’ அவளுடைய இரண்டு வருஷத்தை அப்படியே விழுங்கிவிட்டது.

நாளைக் காலைக்குள் பதில் வராவிட்டால் சுரங்கம் அடுத்த மாணவனுக்குப் போய்விடும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். சுரங்கம் போனால் பட்டமும் போன மாதிரிதான். அம்மா வேறு வாரம் தவறாமல் போன் செய்து, “இன்னும் அந்த ஃபேனைத்தான் சுத்தவிட்டுக்கிட்டு இருக்கியா?” என்று கேட்பாள். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்பாள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சரி, கோளாறு கருவியில்தான் என்று நிரூபித்துவிட்டாவது கூடுதல் அவகாசம் கேட்போம் என்று அன்று மதியம் வீம்பாகக் கிளம்பினாள். துளைகளை ஒவ்வொன்றாக டேப் ஒட்டி மூடி, குழாயின் மறுமுனையில் சிரிஞ்சால் காற்றை உறிஞ்சிப் பார்த்தாள். அழுத்தம் அப்படியே நின்றால் கசிவில்லை. முதல் பதினாறும் கசியவில்லை. அடுத்தது பதினேழு. அதன் குழாயில் ஏற்கெனவே சிவப்பு டேப் சுற்றியிருந்தது. முன்பு இங்கே ஆராய்ச்சி செய்துவிட்டு வேலைக்குப் போன சீனியர், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுபவன், ‘பழுது, நம்பாதே’ என்று எழுதி வைத்துவிட்டுப் போனது. இதில் கசிவு இருந்தே ஆகவேண்டும்.

இல்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று, எண் அசையவே இல்லை.

சுரங்கத்தைப் பராமரிக்கும் ஃபிட்டரைக் கூப்பிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார்.

“இந்தக் குழாயை நெட்டைக்காக மூணு தடவை மாத்திக் குடுத்தேம்மா. ஓட்டையே இல்லைன்னு சொன்னேன். ரீடிங் ஒழுங்கா வரல, அப்ப குழாய்தான் கெட்டதுன்னு ஒத்தக்கால்ல நின்னான்.”

அவள் கம்ப்யூட்டரில் தன் புரோகிராமைத் திறந்தாள். பதினேழின் அளவு மட்டும் எப்போதும் கணக்கைவிடக் குறைவாக வரும் என்று நெட்டை சொல்லியிருந்தான். அவன் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் சராசரி எடுத்துக் கையால் எழுதிக்கொள்வான். இவள் அவனைவிடக் கெட்டிக்காரியாயிற்றே! வந்த முதல் வாரமே புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். கருவி சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சராசரியை மட்டும் சேமிக்கும் வரி. பேராசிரியர்கூட அன்று சபாஷ் என்றார்.

அந்த வரியை நீக்கிவிட்டு விசிறியைப் போட்டாள். திரையில் கோடு பதினாறு வரை ஒழுங்காக ஏறி, பதினேழில் ஏறாமல் படுத்து, பதினெட்டில் மறுபடி எழுந்தது. அந்த இடத்தில் காற்று பிளேடை விட்டுப் பிரிந்து ஒரு சின்னக் குமிழாகச் சுழன்று திரும்ப ஒட்டிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் அந்தக் குமிழே கிடையாது. கூடுதல் இழப்பு அங்கேதான். சந்தோஷப்படவேண்டிய நேரம். அவளோ நாற்காலியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பழைய பதிவுகளை ஆனமட்டும் கிளறியும் பதினேழின் நிஜ அளவு ஒன்றுகூட மிச்சமில்லை.

மறுநாள் காலை பேராசிரியர் அந்த ஒற்றைக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு நாளா இது எங்கம்மா இருந்துச்சு?”

“அங்கேயேதான் இருந்துச்சு சார். நான்தான் அழிச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அடுத்த மாணவனிடம் பேசி மூன்று வாரம் வாங்கித் தருவதாக மட்டும் சொன்னார். இரண்டு வருஷ அளவுகளை மூன்று வாரத்தில் எடுக்கவேண்டும்.

சுரங்கத்துக்குத் திரும்பி வரும்போது அம்மா போன் செய்தாள். அதே கேள்வி.

“ஆமாம்மா,” என்றாள், “அதே ஃபேன்தான்.” போனை வைத்துவிட்டு, சிவப்பு டேப்பை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். நெட்டை காலத்துப் பசை, லேசில் வரவில்லை.