கொப்பளித்த எச்சில்

விண்வெளியிலிருந்து என் தங்கை புருஷன் இறங்கிய அன்று ஊரே கைதட்டியது. தட்டட்டும். ஆறு மாதம் எடையில்லாமல் மிதந்துவிட்டு வந்தவரின் ரத்தத்தை மறுநாள் சோதித்தவன் நான்தான். விண்வெளி ஆய்வு மையத்தின் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு.

வெள்ளையணுக்கள் எண்ணிக்கையில் குறையவில்லை, வேலையில்தான் சுணக்கம். கிருமியைப் பக்கத்தில் விட்டாலும் கண்டுகொள்ளாமல் கிடந்தன. வாசலில் ஆள் இருந்தும் தூங்கி வழிந்த கதை. சின்ன வயதில் வந்துபோன அம்மைக் கிருமி நரம்புக்குள் சாகாமல் ஒளிந்திருக்கும். மேலே போனதும் அது விழித்து எச்சிலில் இறங்கியிருந்தது. அவருக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை, நன்றாகத்தான் இருந்தார். ஆனால் வீட்டில் பிறந்து இருபதே நாளான பெண் குழந்தை. என் தங்கைக்கு அம்மை வந்ததே இல்லை, அதனால் தாயிடமிருந்து குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி எதுவும் போயிருக்காது. எச்சில் சுத்தமாகும்வரை மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

காலையில் பல் விளக்குவதற்கு முன், தண்ணீர்கூடக் குடிக்காமல், பஞ்சை நாக்குக்கு அடியில் இரண்டு நிமிஷம் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். ஒன்பது நாளும் கிருமி இருந்தது. பத்தாம் நாள் அவர் நீட்டிய பஞ்சில் புதினா வாசம் குப்பென்று அடித்தது.

"என்ன மாப்ள, வாய் கொப்பளிச்சீங்களா?"

"மச்சான், எம்பொண்ண இன்னும் போன்லதான் பாத்திருக்கேன். ஒரு தடவ கண்டுக்காம விடுங்களேன்."

"அய்யய்யோ, என் வேலைக்கு உலை வைக்காதீங்க!"

அவர் அழுதார். பூமியைச் சுற்றிவந்த மனுஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேம்பினார். எனக்கு மனசு கரைந்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பஞ்சை வாங்கினேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அவர் வீட்டுக்குப் போன பதினைந்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். மறுநாள் மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "கொப்புளம் இன்னும் எதுவும் காணோம். வீட்ல யாருக்காவது அம்மை இருந்துச்சா? எதுன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மருந்த உடனே குடுக்கலாம்."

"இல்லங்க டாக்டர்," என்றாள் தங்கை. "இவர எங்க அண்ணன்தான் டெஸ்ட் பண்ணி அனுப்பினாரு. அவரு பாத்தா தப்பே வராது."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. வெறும் சளிக்காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வேலை போய்விடும் என்ற பயம்தான். மறுநாள் மதியம் குழந்தையின் உதடு நீலம் பாரித்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"அது வாய் கொப்பளிச்சிட்டுக் குடுத்த எச்சில்மா. தெரிஞ்சேதான் வாங்கினேன். அம்மைக்கு மருந்து குடுக்கச் சொல்லு."

"என்னண்ணா உளர்ற?" என்றாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். டாக்டரைத் தேடி ஓடினாள்.

"நேத்தே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டு ஊசியை எடுத்தார். இரண்டு நாள் மருந்து ஏறியது.

மூன்றாம் நாள் காலை குழந்தையின் உடலைத் துணியில் சுற்றித் தங்கையிடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கை நீட்டினார். நானும் நீட்டினேன். அவள் எங்கள் இரண்டு பேரிடமும் கொடுக்காமல், தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.