பதினெட்டுப் பூச்சு

ஒரு பட்டுப்புடவை கிழிந்ததில்தான் அத்தனை வம்பும் தொடங்கியது.

வில்லியனூருக்கு மேற்கே, ரயில் பாதையைத் தாண்டி இருக்கும் அந்தப் பங்கு ஊரில், கோயிலை ஒட்டி, குகை போலக் கட்டிய லூர்து மாதா கெபி இருக்கிறது. கெபிக்கு முன்னால் திறந்தவெளியில் ஒரு பலகை மேடை. ஜெபமாலை சொல்கிறவர்களும் பாட்டுப் பாடுகிற பெண்களும் அதன்மேல்தான் உட்காருவார்கள். 1978இல், ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் கழித்து, வெயில் இறங்காத ஒரு மாலையில் தனிஸ்லாஸின் மருமகள் புதுப் பட்டுப்புடவையோடு அதில் உட்கார்ந்தாள். அவள் எழுந்தாள், புடவை எழவில்லை. மேடையின் வார்னிஷ் இளகிப் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்ததில் ஒரு முழம் கிழிந்தது.

தனிஸ்லாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் சொல்தா, அதாவது சிப்பாய், என்றால் அவர்தான். அவர் குனிந்து மேடையைக் கட்டைவிரலால் அழுத்தினார். பழுப்பாக ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"கட்டை உளுத்துப்போச்சுப்பா. இக்னேஷியஸ் போட்ட கட்டை, வேற எப்படி இருக்கும்?"

சொல்தாவுக்குத் துப்பாக்கி தெரியும். கட்டைக்கும் அதன்மேல் இருக்கும் பூச்சுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பென்ஷன்காரர் வாயிலிருந்து வந்தால் ஊருக்கு அது வேதவாக்கு.

உண்மை என்னவென்றால், பதினான்கு பலகையும் நயம் தேக்கு. பழைய கிடங்கு ஒன்றை இடித்தபோது வந்த மரம், தச்சன் இக்னேஷியஸ் 1960இல் இழைத்துப் போட்டது. கோளாறு ஊரிடம்தான் இருந்தது. வருஷா வருஷம் மாதா திருவிழாவுக்கு உபயம் ஏற்கிற குடும்பம் மேடைக்கு ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து, முன்விளிம்பில் வெள்ளைப் பெயின்டால் தன் பெயரை எழுதிக்கொள்ளும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு அடியுங்கள் என்று இக்னேஷியஸ் இரண்டாம் வருஷமே சொன்னான். யார் கேட்டார்கள்? போன வருஷத்துக்காரரின் உபயத்தைச் சுரண்டிவிட்டு யார் அவர் முகத்தில் முழிப்பது? ஆகவே உரிந்ததன் மேல் அடித்தார்கள், புழுதியின் மேல் அடித்தார்கள், மழை ஈரம் காயாமலேயே அடித்தார்கள். பதினெட்டு வருஷம், பதினெட்டுப் பூச்சு. பக்தியில் ஒரு குறையும் இல்லை, புத்தியில்தான்.

பேச்சு பஸ் ஏறி மூலக்குளம் போனது. அங்கே புது வீடு கட்டிக்கொண்டிருந்த நடேசன், பன்னிரண்டு கதவுக்கு இக்னேஷியஸிடம் சொல்லி வைத்திருந்தவர், இப்போதைக்கு வேண்டாம் என்று ஆளனுப்பிவிட்டார். இக்னேஷியஸ் சரி என்று தலையாட்டிவிட்டு உளிகளைத் துணியில் சுற்றி வைத்தான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷன். அவன் மனைவி அன்னாமேரிக்கு அந்தத் தலையாட்டலைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள்.

"பழசை இடிச்சிட்டு சிமெண்டுல போட்டுடலாம் சாமி," என்றார் சொல்தா. "இந்த வருஷ உபயம் என்னுது. பேரை மட்டும் மார்பிள்ல பதிச்சிடுவோம்."

பங்குச்சாமியார் நல்லவர். யாரையும் பகைத்துக்கொள்ள அவரால் முடியாது. சரி என்று சொல்ல வாயெடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அன்னாமேரி எழுந்து நின்றாள்.

"கட்டை நல்லாக்கீது சாமி. கெட்டது மேல இருக்கற தோலு."

"நீ இன்னா, எந்த ஊரு தச்சன்?" என்று சிரித்தார் சொல்தா.

"தச்சன் பொண்டாட்டி. இருபது வருஷமா எங்க சோத்துல தேக்குத் தூளு வுழுந்துக்கினு இருக்குது. எனக்குத் தெரியாதா? பூச்சு மொத்தத்தையும் சொரண்டிக் காட்றேன். உள்ள உளுத்திருந்தா நானே கடப்பாறையை உங்க கையில எடுத்துத் தர்றேன்."

சாமியாருக்கு மூச்சு வந்தது. "கொடியேத்தத்துக்குப் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள முடிம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இக்னேஷியஸ் முனகினான். "ஊரை எதுத்துக்கினு எதுக்கு வம்பு?"

"ஊரு உன் கையை உளுத்துப்போச்சுன்னு சொல்லுது. நீ தலையாட்டிக்கினு குந்தியிரு. நான் போறேன்," என்று அவன் கருவிப்பெட்டியிலிருந்து இரும்புச் சுரண்டியை எடுத்துக்கொண்டு அன்னாமேரி கிளம்பினாள்.

மேடையைச் சுற்றி ஏற்கெனவே ஆள் கூடியிருந்தது. எங்கள் பெயரில் கை வைத்துவிடுவாளா பார்ப்போம் என்று பழைய உபயக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அன்னாமேரி யாரையும் பார்க்கவில்லை. முன்விளிம்பில் 1964ஆம் வருஷத்துப் பெயரைத் தேடிப் பிடித்தாள். அது அவள் அப்பா பெயர். ஒரு கன்றுக்குட்டியை விற்று, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் ஏற்ற உபயம். சுரண்டியை அதன்மேல் வைத்து அழுத்தி இழுத்தாள். மூன்றே இழுப்பில் அப்பா போய்விட்டார்.

"எங்க அப்பன் பேரே போச்சு," என்றாள் திரும்பி. "அடுத்து யாரு பேரு? வாய் இருக்கறவங்க வந்து தடுங்க."

ஒருவரும் வரவில்லை.

வெயில் ஏறினால் வார்னிஷ் பிசினாக இளகிச் சுரண்டியில் சுற்றிக்கொண்டது. வெயில் தாழ்ந்தால் செதில் செதிலாகத் தெறித்தது. அன்னாமேரி விடியலிலும் சாயங்காலத்திலும் சுரண்டினாள். மூன்றாம் நாள் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு சுரண்டினாள். வில்லியனூர் கடைத்தெருவில் ஷேக் மைதீன் கடைக்குப் போய் உப்புத்தாளும், லின்சீட் எண்ணெயும், டர்பன்டைனும் கேட்டபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்க ஊர் மேடைக்குப் பதினெட்டு வருஷமா வார்னிஷ் கொடுக்கிறேம்மா. உப்புத்தாள் கேட்ட மொத ஆளு நீதான்."

"முன்னாடியே நீங்க சொல்லியிருக்கலாம் இல்ல, பாய்?"

"சொன்னேனே. சொன்னதுக்கு சொல்தா இன்னா கேட்டாரு தெரியுமா, கடைக்காரன் நீ வார்னிஷ் விக்கிறியா, வாத்தியார் வேலை பாக்குறியான்னாரு." பொட்டலம் கட்டிக்கொண்டே, மூலக்குளம் நடேசன் தம் கடையில்தான் ஆணி வாங்குகிறார், வந்தால் மேடையைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

ஆறாம் நாள் அவள் கடைசிப் பலகைக்கு வந்தாள். பதின்மூன்று பலகை பொன் நிறத்தில் வெளுத்துக் கிடந்தன. கெபியை ஒட்டிய கடைசிப் பலகையில் சுரண்டி பட்டதும் கருப்பாகப் பொடி உதிர்ந்தது. பூச்சாடிகளை வைக்கிற இடம் அது. சாடித் தண்ணீர் உரிந்த பூச்சின் விரிசலில் இறங்கி, மேலே பூச்சு மேல் பூச்சாக மூடியதால் வெளியே வர வழியில்லாமல் பலகையைத் தின்றிருந்தது.

மறைத்திருக்கலாம். குழியை அடைக்கக் கொஞ்சம் மக்குப் பசை, மேலே எண்ணெய், யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்தால் மேலே மேலே பூசினவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் காதில் விழும்படிக் கத்திச் சொன்னாள்.

"ஒண்ணு போச்சு! பதினாலுல ஒண்ணு! வந்து பாத்துக்கோங்க!"

செய்தி அரை மணியில் ஊரைச் சுற்றியது. சாயங்காலம் இக்னேஷியஸ் வந்தான். தோளில் ஒரு தேக்குப் பலகை. தன் வீட்டுக் கட்டிலின் பக்கப்பலகையையே கழற்றிக்கொண்டு வந்திருந்தான். அவள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான். உட்கார்ந்து கெட்ட பலகையைப் பெயர்த்தான், புதியதை இழைத்து இறக்கினான். "இன்னிலேர்ந்து தரையிலதான் படுக்கணும்," என்று மட்டும் சொன்னான். அன்னாமேரிக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கோயில் வாசல் என்பதால் எண்ணெய்க் குவளையை எடுத்து நீட்டினாள். இருவரும் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்தார்கள், மிச்சத்தைத் துடைத்தார்கள், காயவிட்டு மறுபடி தேய்த்தார்கள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சொல்தா கொத்தனாரையும் கடப்பாறையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டத்தில் மூலக்குளம் நடேசனும் நின்றார்.

"ஒரு கட்டை போச்சுன்னு அவளே சொல்லிட்டா சாமி. ஒண்ணு போனா எல்லாம் போச்சுன்னு அர்த்தம். மேலே எண்ணெய் பூசிப் பளபளன்னு காட்டுறா."

சாமியார் நெளிந்தார். அன்னாமேரி நேராகப் போய்க் கொத்தனார் கையிலிருந்து கடப்பாறையைப் பிடுங்கினாள். மேடைக்கு முன்னால் நின்று சொல்தாவிடம் நீட்டினாள்.

"எடுத்துத் தர்றேன்னு சொன்னேன் இல்ல? இந்தாங்க. எந்தக் கட்டைன்னு நீங்களே பாத்து, உங்க பலம் மொத்தமும் வெச்சுக் குத்துங்க. எறங்குச்சின்னா நாளைக்கே சிமெண்டு போடுங்க, எங்க வூட்டுக்காரு இனிமே உளியைத் தொட மாட்டாரு."

இக்னேஷியஸின் முகம் வெளுத்தது. ஆனால் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

சொல்தா வேட்டியை மடித்துக் கட்டினார். நடுப்பலகையைப் பார்த்து, தலைக்கு மேல் ஓங்கி இறக்கினார். ணங்கென்று ஒரு சத்தம். கடப்பாறை எகிறிக் கையைவிட்டுப் பறந்து மண்ணில் விழுந்தது. சொல்தா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். பலகையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குழி, அவ்வளவுதான்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நடேசன் முன்னால் வந்து, "கதவு வேலையை எப்பப்பா தொடங்கற?" என்று இக்னேஷியஸைக் கேட்டார்.

"கொடியேத்தம் முடியட்டுங்க," என்றான் இக்னேஷியஸ். தலையாட்டவில்லை.

சொல்தாவைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் சாமியார் பேச்சை மாற்றினார். "அந்தக் குழியை மட்டும் மக்கு வெச்சு அடைச்சிடுப்பா இக்னேஷியஸ். பாக்க ஒரு மாதிரி இருக்கு."

இக்னேஷியஸ் குனிந்து குழியைத் தடவிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அன்னாமேரியே அவனிடம் கேட்டிராத குரலில், ஊர் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னான்.

"அடைக்க மாட்டேன் சாமி. பதினெட்டு பேரு உபயம் மேலயே நின்னு உரிஞ்சு போச்சு. சொல்தா உபயம் ஒண்ணுதான் கட்டையில எறங்கிக்கீது. அது இருக்கட்டும்."